மூன்று நண்பர்களும் ஒரு புதிய தாளமும்

1. பாட்டுப் போடுபவர்

கல்யாண வீடு. வாசலில் வாழைமரம். பக்கத்தில் குழாய் ஒலிபெருக்கி. திண்ணையில் ஒருவர் மைக் செட்டோடு உட்கார்ந்திருக்கிறார். காலையில் பக்திப் பாட்டுப் போடுகிறார். தாலி கட்டியதும் வாழ்த்துப் பாட்டு. மாலையில் இளைஞர்கள் ஆடுவதற்கு வேகமான பாட்டு. எந்த நேரத்துக்கு எந்தப் பாட்டு என்று அவருக்குத் தெரியும்.

அவர் பாடுவதில்லை. வாத்தியமும் வாசிப்பதில்லை. ஆனால் கூட்டத்தின் மனம் அறிந்து பாட்டுப் போடுகிறார். அதுவும் ஒரு தொழில்தான். அதற்கும் பயிற்சி வேண்டும்.

நடனக் கூட்டங்களில் இந்தத் தொழில் செய்பவரை டி.ஜே. என்பார்கள். டிஸ்க் ஜாக்கி என்பதன் சுருக்கம் அது. டிஸ்க் என்றால் இசைத்தட்டு. இந்தச் சொல் இப்போது நம் நாட்டிலும் பரவிவிட்டது.

மூன்று நண்பர்கள் டி.ஜே. வேலை பழகினார்கள். முதலில் மற்றவர்களின் பாட்டைப் போட்டார்கள். பிறகு தங்களுக்கென்று ஒரு புதிய இசையை உண்டாக்கினார்கள். அந்த இசை பல நாடுகளுக்குப் போனது. அது எப்படி நடந்தது? இந்தப் பாடத்தில் படிப்போம்.

2. கார் நகரம்

அமெரிக்காவில் டெட்ராய்ட் என்று ஒரு நகரம் இருக்கிறது. அது ஆற்றங்கரை நகரம். ஆற்றின் அக்கரையில் கனடா நாடு.

டெட்ராய்ட் கார்களுக்குப் பேர் போன ஊர். 1913ஆம் ஆண்டு ஃபோர்டு கம்பெனி அங்கே ஒரு புதிய முறையைக் கொண்டுவந்தது. தொழிலாளி நின்ற இடத்திலேயே நிற்பார். அரைகுறையாக உருவான கார் நகர்ந்து நகர்ந்து அவரிடம் வரும். அவர் தன் வேலையை மட்டும் செய்வார். கார் அடுத்தவரிடம் போகும். இதனால் கார்கள் வேகமாக உருவாயின.

வேலை தேடிப் பல ஊர்களிலிருந்தும் மக்கள் வந்தார்கள். அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து கறுப்பின மக்கள் ஏராளமாக வந்தார்கள். தெற்கே அவர்களுக்கு நிலம் இல்லை. மரியாதையும் இல்லை. டெட்ராய்டில் கூலி கிடைத்தது. ஆனால் இங்கும் நல்ல வீடும் நல்ல வேலையும் எளிதில் கிடைக்கவில்லை.

1967ஆம் ஆண்டு ஜூலை மாதம் நகரத்தில் பெரிய கலவரம் நடந்தது. 43 பேர் இறந்தார்கள். அதன்பின் பலர் நகரத்தை விட்டு வெளியேறினார்கள். அதற்கு முன்பே பல ஆலைகள் வேறு ஊர்களுக்குப் போகத் தொடங்கியிருந்தன. பிறகு ஆலைகளுக்குள் தானாக இயங்கும் இயந்திரக் கைகள் வந்தன. பலர் செய்த வேலையை அவை செய்தன.

1950ஆம் ஆண்டு டெட்ராய்டில் சுமார் 18 லட்சத்து 50 ஆயிரம் பேர் வாழ்ந்தார்கள். 1990ஆம் ஆண்டு சுமார் 10 லட்சத்து 28 ஆயிரம் பேர்தான் இருந்தார்கள். தெருத் தெருவாக வீடுகள் காலியாயின. ஆலைகளின் சன்னல்கள் உடைந்து கிடந்தன.

இந்த ஊரில் இசைக்குக் குறைவில்லை. 1959ஆம் ஆண்டு பெர்ரி கோர்டி என்பவர் இங்கே ஓர் இசைத்தட்டுக் கம்பெனி தொடங்கினார். அவர் முன்பு கார் ஆலையில் வேலை பார்த்தவர். அந்தக் கம்பெனியின் பெயர் மோட்டவுன். உலகம் முழுவதும் அதன் பாட்டுகளைக் கேட்டது. ஆனால் 1972ஆம் ஆண்டு அந்தக் கம்பெனியும் வேறு ஊருக்குப் போய்விட்டது.

ஆலை போனது. பாட்டும் போனது. மீதி இருந்த இளைஞர்கள் என்ன செய்வார்கள்?

3. பள்ளித் தோழர்கள்

டெட்ராய்டிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில் பெல்வில் என்ற சிற்றூர் இருக்கிறது. ஏரிக்கரை ஊர். சுற்றிலும் வயல்வெளி. அங்கே வெள்ளை இனத்தவரே அதிகம். கறுப்பினக் குடும்பங்கள் சிலதான்.

அந்த ஊர்ப் பள்ளியில் மூன்று கறுப்பின மாணவர்கள் நண்பர்கள் ஆனார்கள். ஒருவர் ஹுவான் அட்கின்ஸ். அவர் 1962ஆம் ஆண்டு பிறந்தவர். இரண்டாமவர் டெரிக் மே. 1963ஆம் ஆண்டு பிறந்தவர். மூன்றாமவர் கெவின் சாண்டர்சன். 1964ஆம் ஆண்டு பிறந்தவர்.

ஹுவான்தான் மூத்தவர். சிறு வயதிலேயே கிடார் வாசிப்பார். டிரம்சும் வாசிப்பார். டெரிக் அவருடைய தம்பியின் நண்பர். அந்த வழியில்தான் ஹுவானுக்குப் பழக்கம் ஆனார். கெவின் நியூயார்க்கில் பிறந்து, சிறுவனாக இந்த ஊருக்கு வந்தவர். அவரும் டெரிக்கும் பள்ளியில் பந்து விளையாடும் தோழர்கள்.

மூவரும் ஊரில் தனித்துத் தெரிந்தார்கள். மற்றப் பிள்ளைகள் கேட்ட பாட்டு வேறு. இவர்கள் கேட்ட பாட்டு வேறு. அதனால் இசையே இவர்களைச் சேர்த்துக் கட்டியது.

4. இரவு வானொலி

அந்த நாட்களில் டெட்ராய்டில் ஒரு வானொலி நிகழ்ச்சி இருந்தது. 1977ஆம் ஆண்டு தொடங்கியது. இரவில்தான் வரும். அதை நடத்தியவர் தன்னை மோஜோ என்று சொல்லிக்கொண்டார். அவர் முகத்தை யாருக்கும் காட்டமாட்டார். குரல் மட்டும் வரும். வானத்திலிருந்து ஒரு கப்பல் இறங்குவது போல நிகழ்ச்சி தொடங்கும். கேட்பவர்கள் வாசல் விளக்கைப் போட்டு அணைக்க வேண்டும் என்பார். தெருவில் விளக்குகள் மின்னும்.

அமெரிக்க வானொலிகளில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. கறுப்பின மக்களுக்கு ஒரு வகைப் பாட்டு. வெள்ளையருக்கு வேறு வகைப் பாட்டு. மோஜோ இந்த வேலியை மதிக்கவில்லை. நல்ல பாட்டு எதுவானாலும் போட்டார். உள்ளூர் ஜார்ஜ் கிளிண்டன் குழுவின் ஆட்டப் பாட்டைப் போடுவார். அடுத்து ஜெர்மனி நாட்டு கிராஃப்ட்வெர்க் குழுவின் பாட்டைப் போடுவார்.

கிராஃப்ட்வெர்க் குழு மின்சார வாத்தியங்களால் இசை அமைத்தது. கார் சாலையைப் பற்றி ஒரு பாட்டுச் செய்தது. ரயில் ஓடும் ஓசையைத் தாளமாக்கி இன்னொரு பாட்டுச் செய்தது. அந்தச் சாலையும் ரயிலும் அவர்கள் அறிந்தவை.

பெல்வில் நண்பர்கள் இதை வியந்து கேட்டார்கள். விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் கேட்டார்கள். கேட்டபின் பேசினார்கள். இதைச் செய்தவர் மனத்தில் என்ன நினைத்திருப்பார்? இந்த ஓசை எப்படி வந்தது? இப்படிக் கேள்வி கேட்டுக் கேட்டுக் காதைப் பழக்கினார்கள்.

எழுதப் படிக்கத் தெரிந்துகொள்வது போல, கேட்கவும் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

5. இரண்டு தட்டு, ஒரு தாளம்

1981ஆம் ஆண்டு வாக்கில் இவர்கள் டி.ஜே. குழு ஒன்றை அமைத்தார்கள். அதன் பெயர் டீப் ஸ்பேஸ். வேறு சில நண்பர்களும் அதில் இருந்தார்கள். எடி ஃபவுல்க்ஸ் என்பவர் அவர்களில் ஒருவர். பள்ளிப் பிள்ளைகளின் நடன விருந்துகளில் பாட்டுப் போட்டார்கள்.

டி.ஜே. வேலை எப்படி நடக்கிறது? இரண்டு ரிக்கார்டு பிளேயர்கள் வேண்டும். நடுவில் மிக்சர் என்ற பெட்டி. ஒரு தட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். மக்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள். டி.ஜே. அடுத்த தட்டைத் தன் காதில் மட்டும் கேட்பார். முதல் பாட்டு முடியும் முன்னே இரண்டாவது பாட்டைச் சேர்ப்பார். இடையில் ஒரு நொடி கூட ஓசை நிற்கக் கூடாது. நின்றால் ஆடுபவர் கால் நின்றுவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எல்லாப் பாட்டுக்கும் வேகம் ஒன்றல்ல. ஒரு பாட்டில் ஒரு நிமிடத்துக்கு 120 அடி விழும். இன்னொன்றில் 124 அடி விழும். இரண்டையும் அப்படியே சேர்த்தால் தாளம் தடுமாறும். ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளை நினைத்துப் பாருங்கள். ஒன்று வேகமாகவும் ஒன்று மெதுவாகவும் போனால் வண்டி என்ன ஆகும்?

ரிக்கார்டு பிளேயரில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு குமிழ் இருக்கும். டி.ஜே. அதை மெல்ல நகர்த்துவார். இரண்டு தாளமும் ஒன்றாகும் வரை சரி செய்வார். இதைக் கண்ணால் பார்த்துச் செய்ய முடியாது. காதுதான் சொல்ல வேண்டும்.

ஹுவான் தனக்குத் தெரிந்ததை டெரிக்குக்குக் கற்றுக்கொடுத்தார். இருவரும் மணிக்கணக்கில் பழகினார்கள். கெவின் சற்றுப் பின்னால் வந்து சேர்ந்தார். கற்றவர் கல்லாதவருக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒருவர் வளர்ந்தால் மற்றவரும் வளர்ந்தார்.

6. விலை போகாத இயந்திரம்

மற்றவர் பாட்டை மட்டும் போட்டுக்கொண்டிருக்க ஹுவானுக்கு மனமில்லை. சொந்தமாக இசை செய்ய ஆசை. ஆனால் வாத்தியக்காரர்களை வைத்துப் பெரிய ஒலிப்பதிவு செய்யப் பணம் வேண்டும். அது அவரிடம் இல்லை.

அவரிடம் ஒரு சிறிய சிந்தசைசர் இருந்தது. சிந்தசைசர் என்றால் மின்சாரத்தால் ஓசை உண்டாக்கும் கருவி. பார்க்க ஆர்மோனியம் போல் கட்டைகள் இருக்கும். ஹுவானுடையது எளிய வகை. ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். அவர் ஒரு சுரவரிசையை கேசட்டில் பதிவு செய்வார். அதை ஓடவிட்டு அதன்மேல் இன்னொன்றை வாசிப்பார். இரண்டையும் சேர்த்து இன்னொரு கேசட்டில் பதிவு செய்வார். இப்படி அடுக்கி அடுக்கி ஒரு முழு இசையைச் செய்வார்.

பிறகு தாளம் வேண்டும். 1980ஆம் ஆண்டு ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி ஒரு டிரம் மெஷின் செய்தது. அது தாளம் போடும் இயந்திரம். அதன் பெயர் டி.ஆர். 808. அதில் வரிசையாக 16 பொத்தான்கள். எந்த இடத்தில் அடி விழ வேண்டுமோ அந்தப் பொத்தானை அழுத்த வேண்டும். இயந்திரம் அந்தத் தாளத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். கை வலிக்காது. வேகம் மாறாது.

ஆனால் அதன் ஓசை உண்மையான டிரம்ஸ் போல இல்லை. அதனால் பல இசைக்காரர்கள் அதை விரும்பவில்லை. 1983ஆம் ஆண்டு கம்பெனி அதைச் செய்வதை நிறுத்திவிட்டது. புதிதாக வந்தபோது விலை சுமார் 1,200 டாலர். பிறகு பழைய சாமான் கடைகளில் மிக மலிவாகக் கிடைத்தது.

வசதி உள்ளவர்கள் வேண்டாம் என்றதை வசதி இல்லாதவர்கள் எடுத்தார்கள். டிரம்ஸ் போல இல்லாவிட்டால் என்ன? அந்த ஓசைக்கும் ஓர் அழகு இருந்தது. இரும்பு தட்டுவது போல, ஆவி சீறுவது போல, தூரத்து ஆலை இயங்குவது போல அது கேட்டது. இந்த இளைஞர்களுக்கு அது சொந்த ஊரின் ஓசையாகப் பட்டது.

ஆலைக்குள் இயந்திரம் மனிதனின் வேலையைச் செய்தது. இந்த அறையிலோ மனிதன் இயந்திரத்தைப் பாட வைத்தான்.

7. சொந்தத் தட்டு

ஹுவான் கல்லூரியில் ரிக் டேவிஸ் என்பவரைச் சந்தித்தார். அவர் வயதில் பெரியவர். வியட்நாம் போரில் இருந்து திரும்பியவர். இருவரும் சேர்ந்து சைபோட்ரான் என்ற குழுவைத் தொடங்கினார்கள். 1981ஆம் ஆண்டு தங்கள் முதல் இசைத்தட்டைத் தாங்களே வெளியிட்டார்கள். பெரிய கம்பெனி எதையும் நம்பி நிற்கவில்லை. மோஜோ அதை வானொலியில் ஒலிபரப்பினார். டெட்ராய்ட் மக்கள் தேடி வாங்கினார்கள்.

பிறகு இருவருக்கும் வழி பிரிந்தது. ரிக் டேவிசுக்கு கிடார் இசையில் நாட்டம். ஹுவானுக்கு நடன இசையில் நாட்டம். 1985ஆம் ஆண்டு ஹுவான் தனியாக ஒரு சிறு கம்பெனி தொடங்கினார். அதன் பெயர் மெட்ரோபிளெக்ஸ். அடுத்த ஆண்டு டெரிக் டிரான்ஸ்மாட் என்ற கம்பெனியைத் தொடங்கினார். கெவின் தன் பெயரின் முதலெழுத்துகளால் கே.எம்.எஸ். என்ற கம்பெனியைத் தொடங்கினார்.

கம்பெனி என்றால் பெரிய கட்டிடம் அல்ல. சில அறைகள்தான். நகரத்தின் பெரிய காய்கறிச் சந்தை அருகே ஒரே தெருவில் மூன்றும் இருந்தன. ஒருவர் இயந்திரத்தை மற்றவர் இரவல் வாங்குவார். ஒருவர் செய்த இசையை மற்றவர் கேட்டுக் கருத்துச் சொல்வார். மூன்று கடை போட்டும் நட்பு கெடவில்லை.

8. பக்கத்து ஊர்ப் பாடம்

டெட்ராய்டிலிருந்து சுமார் 450 கிலோமீட்டர் தூரத்தில் சிகாகோ நகரம். டெரிக்கின் அம்மா அங்கே குடிபோயிருந்தார். டெரிக் அம்மாவைப் பார்க்கப் போவார். இரவில் நடனக் கூடங்களுக்கும் போவார்.

அங்கே ஃபிராங்கி நக்கல்ஸ் என்ற டி.ஜே. புகழ் பெற்றிருந்தார். கூட்டத்தை விடிய விடிய ஆட வைப்பார். அங்கே பிறந்த நடன இசைக்கு ஹவுஸ் என்று பெயர். டெரிக் அதைக் கண்டு அசந்து போனார். ஒருவர் பாட்டுப் போடும் முறையால் ஒரு கூட்டமே ஒரு குடும்பம் போல ஆகிவிடுகிறதே என்று வியந்தார். தன் நண்பர்களையும் அழைத்துப் போனார். தன்னிடம் இருந்த ஒரு டிரம் மெஷினை ஃபிராங்கிக்கே விற்றார்.

சிகாகோ இசையை இவர்கள் விரும்பினார்கள். ஆனால் அப்படியே பார்த்து எழுதவில்லை. அந்தத் துள்ளலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அதில் தங்கள் ஊரின் இரும்பு ஓசையைச் சேர்த்தார்கள். கிராஃப்ட்வெர்க்கிடம் கேட்டதையும், ஜார்ஜ் கிளிண்டனிடம் கேட்டதையும் கலந்தார்கள். டெரிக் இதை வேடிக்கையாகச் சொல்வார். அந்த இருவரும் ஒரே லிஃப்டில் மாட்டிக்கொண்டால் எப்படி இருக்கும், அப்படித்தான் எங்கள் இசை என்பார்.

9. மூவர், மூன்று குணம்

மூவரும் ஒரே பள்ளியில் படித்தார்கள். ஒரே வானொலியைக் கேட்டார்கள். ஒரே வகை இயந்திரங்களை வைத்திருந்தார்கள். ஆனாலும் மூவர் இசையும் ஒன்று போல இல்லை.

ஹுவானின் இசை விண்வெளியைப் பற்றிக் கனவு காணும். குளிர்ந்த, அளவான ஓசை.

டெரிக்கின் இசையில் உணர்ச்சி பொங்கும். 1987ஆம் ஆண்டு அவர் ஸ்ட்ரிங்ஸ் ஆஃப் லைஃப் என்ற இசைத்தட்டை வெளியிட்டார். உயிரின் தந்திகள் என்று அதற்குப் பொருள் சொல்லலாம். மைக்கேல் ஜேம்ஸ் என்ற நண்பர் வாசித்த பியானோவிலிருந்து அது பிறந்தது. அதில் பாட்டு வரி இல்லை. ஆனாலும் கேட்டவர்கள் மனம் உருகினார்கள்.

கெவினுக்குப் பாடும் குரல் வேண்டும். சிகாகோவைச் சேர்ந்த பாரிஸ் கிரே என்ற பெண் பாடகியைச் சேர்த்துக்கொண்டார். 1988ஆம் ஆண்டு இருவரும் பிக் ஃபன் என்ற பாட்டை வெளியிட்டார்கள். இங்கிலாந்தில் அது முதல் பத்துப் பாட்டுகளில் ஒன்றாக வந்தது.

ஒரே மண்ணில் மூன்று விதை. மூன்றும் வேறு வேறு பூ.

10. புத்தகம் தந்த பெயர்

1988ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு கம்பெனி இந்த இசையைத் தொகுத்து வெளியிட முன்வந்தது. தொகுப்புக்கு என்ன பெயர் வைப்பது? டெட்ராய்டின் ஹவுஸ் இசை என்று வைக்க நினைத்தார்கள். ஆனால் ஹவுஸ் என்பது சிகாகோவின் பெயர். இவர்களுடைய இசை அதன் நிழல் ஆகிவிடும்.

ஹுவான் வேறு ஒரு சொல்லைச் சொன்னார். அந்தச் சொல் டெக்னோ.

அது எங்கிருந்து கிடைத்தது? ஒரு புத்தகத்திலிருந்து. ஹுவான் பள்ளியில் எதிர்காலத்தைப் பற்றிய ஒரு பாடம் படித்தார். அப்போது ஆல்வின் டாஃப்ளர் என்ற எழுத்தாளரைப் படிக்கத் தொடங்கினார். அவருடைய மூன்றாம் அலை என்ற புத்தகம் 1980ஆம் ஆண்டு வந்தது. அதில் ஒரு வகை மனிதர்களைப் பற்றி எழுதியிருந்தார். அவர்கள் இயந்திரத்தை வெறுப்பவர்கள் அல்ல. அதற்கு அடிமை ஆகிறவர்களும் அல்ல. அவர்களை அவர் டெக்னோ கலகக்காரர்கள் என்று அழைத்தார்.

இயந்திரத்தால் அடிபட்ட ஊரில் இருந்து அந்தப் பையன் அதைப் படித்தார். அந்தச் சொல் மனத்தில் பதிந்தது. பல ஆண்டுகள் கழித்து அதுவே ஓர் இசைக்குப் பெயர் ஆனது. படித்த ஒரு சொல் எப்போது உதவும் என்று யார் சொல்ல முடியும்?

11. கடல் தாண்டி, மீண்டும் ஊருக்கு

1988ஆம் ஆண்டு டெட்ராய்டில் மியூசிக் இன்ஸ்டிட்யூட் என்ற நடனக் கூடம் திறந்தது. அங்கே மது கிடையாது. பழச்சாறுதான். வெள்ளிக்கிழமை இரவுகளில் டெரிக் பாட்டுப் போடுவார். இளைஞர்கள் இசைக்காகவே வந்தார்கள். ஆனால் 1989ஆம் ஆண்டு அது மூடப்பட்டது.

அமெரிக்காவின் பெரிய வானொலிகள் இந்த இசையைக் கண்டுகொள்ளவில்லை. வெளிநாடுகள் அழைத்தன. இங்கிலாந்து அழைத்தது. ஜெர்மனி அழைத்தது. 1989ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பெர்லின் நகரத்தைப் பிரித்த சுவர் திறந்தது. கிழக்கு இளைஞர்களும் மேற்கு இளைஞர்களும் கலந்தார்கள். 1991ஆம் ஆண்டு பெர்லினில் ஒரு பழைய கடையின் நிலவறையில் டிரெசர் என்ற நடனக் கூடம் தொடங்கியது. டெட்ராய்ட் இசைக்காரர்கள் அங்கே போய் வாசித்தார்கள். ஒரு காலத்தில் ஜெர்மனியின் இசை டெட்ராய்டுக்கு வந்தது. இப்போது டெட்ராய்டின் இசை ஜெர்மனிக்குப் போனது.

ஆனால் சொந்த ஊரில் பலருக்கு இந்த நண்பர்களைத் தெரியாது. வெளிநாட்டில் ஆயிரக்கணக்கில் கூட்டம். ஊரில் தெருவில் நடந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இது அவர்களுக்கு நெடுநாள் குறை.

2000ஆம் ஆண்டு மே மாதம் அந்தக் குறை ஓரளவு தீர்ந்தது. டெட்ராய்ட் ஆற்றங்கரைத் திடலில் மூன்று நாள் மின்னிசைத் திருவிழா நடந்தது. கட்டணம் இல்லை. பெரும் கூட்டம் கூடியது. இப்போது அந்தத் திருவிழாவின் பெயரும் மாறிவிட்டது. நுழைவுக்குக் கட்டணமும் உண்டு. ஆனாலும் உலகின் பல நாடுகளிலிருந்து மக்கள் அந்த ஊரைத் தேடி வருகிறார்கள்.

இசையால் மூடிய ஆலைகள் திறக்கவில்லை. 2013ஆம் ஆண்டு டெட்ராய்ட் நகராட்சியே கடனைக் கட்ட முடியாமல் திவால் ஆனது. இசை எல்லாத் துன்பத்தையும் தீர்க்காது. ஆனால் எங்கள் ஊர் செத்துவிடவில்லை என்று அது சொன்னது.

12. பம்பாயில் அதே இயந்திரம்

அதே ஜப்பான் இயந்திரங்கள் நம் நாட்டுக்கும் வந்தன. பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற இசைக்கலைஞர் இருந்தார். இந்திப் படங்களுக்கு கிடாரும் மின்சார வாத்தியங்களும் வாசித்தவர். அவரிடமும் டி.ஆர். 808 இருந்தது. 1982ஆம் ஆண்டு அவர் பத்து ராகங்களை அந்தத் தாளத்தின்மேல் வாசித்து ஒரு தட்டு வெளியிட்டார். லலித், யமன் முதலிய ராகங்கள் அதில் உண்டு.

அப்போது அது விற்கவில்லை. மக்கள் மறந்தார்கள். 2010ஆம் ஆண்டு அது மீண்டும் வெளிவந்தது. இவ்வளவு காலத்துக்கு முன்பே இப்படி ஒரு இசையா என்று உலகம் வியந்தது. சரண்ஜித் சிங் 2015ஆம் ஆண்டு காலமானார். அதற்கு முன் வெளிநாட்டு மேடைகளில் அந்த இசையை வாசித்துவிட்டார்.

டெட்ராய்டில் அந்த இயந்திரம் ஆலை போல ஒலித்தது. பம்பாயில் அதே இயந்திரம் ராகத்துக்குத் தாளம் போட்டது. அப்படியானால் ஓசை எங்கே இருக்கிறது? இயந்திரத்திலா? இல்லை. அதை இயக்குபவரின் காதிலும் மனத்திலும் இருக்கிறது.

13. நாம் அறிந்தது

நண்பர்கள் மூவரும் முதலில் நிறையக் கேட்டார்கள். கேட்டதைப் பற்றிப் பேசினார்கள். கிடைத்த கருவியை வைத்துப் பழகினார்கள். தெரிந்ததை ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொடுத்தார்கள். பிறர் இசையை மதித்தார்கள். ஆனால் தங்கள் ஊரின் ஓசையை விட்டுக்கொடுக்கவில்லை.

நம் ஊரிலும் ஓசைகள் உண்டு. நெல் குத்தும் ஓசை, தறி ஓடும் ஓசை, பறை, உறுமி, பம்பை. மைக் செட் வைத்திருக்கும் நம் பிள்ளைகள் ஊரார் பாட்டை எல்லாம் போடுகிறார்கள். போடட்டும். ஒரு நாள் நம் ஊர் ஓசையையும் அவர்கள் கேட்கட்டும்.

சொற்களை அறிவோம்

இசைத்தட்டு: பாட்டைப் பதிவு செய்த வட்டமான தட்டு.
மிக்சர்: இரண்டு மூன்று ஓசைகளைக் கலந்து தரும் பெட்டி.
சிந்தசைசர்: மின்சாரத்தால் ஓசை உண்டாக்கும் கருவி.
டிரம் மெஷின்: தாளம் போடும் இயந்திரம்.
திவால்: கடனைக் கட்ட முடியாத நிலை.

விடை சொல்லுங்கள்

1. டெட்ராய்ட் எந்தத் தொழிலுக்குப் பேர் போன ஊர்?
2. மூன்று நண்பர்கள் பெயர் என்ன?
3. டி.ஆர். 808 ஏன் மலிவாகக் கிடைத்தது?
4. டெக்னோ என்ற பெயர் எதிலிருந்து வந்தது?

கணக்குப் போடுங்கள்

1. 1950ஆம் ஆண்டு டெட்ராய்டில் 18,50,000 பேர். 1990ஆம் ஆண்டு 10,28,000 பேர். எத்தனை பேர் குறைந்தார்கள்?
2. ஒரு பாட்டில் ஒரு நிமிடத்துக்கு 120 அடி. ஐந்து நிமிடத்துக்கு எத்தனை அடி?

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் ஊரில் எந்தத் தொழில் நின்றுபோனது? அந்தத் தொழிலோடு எந்தப் பாட்டு நின்றுபோனது?
2. இயந்திரத்தால் உங்கள் வேலைக்கு என்ன நன்மை? என்ன கெடுதி?

செய்து பாருங்கள்

ஒரு நாள் விடியற்காலை வாசலில் உட்காருங்கள். கண்ணை மூடிக் காது கொடுத்துக் கேளுங்கள். என்னென்ன ஓசை கேட்டது? அவற்றை வரிசையாக எழுதுங்கள். எழுதியதைக் கற்போர் வட்டத்தில் படித்துக் காட்டுங்கள்.